துண்டுக்குள் இரண்டு கை

ஆரோக்கியசாமியை எங்கள் பள்ளிக்கூடம் தோல் சந்தையில் வாங்கியது. இன்றைக்குச் சொன்னால் கதை அளக்கிறான் என்பார்கள். அன்றைக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. என்ன விலைக்கு முடிந்தது என்று மட்டும்தான் விசாரித்தார்கள்.

வாங்கியவர் ஆதிகேசவ செட்டியார். கொடுத்தவர் அப்துல் ஹமீத் சாயபு. இரண்டு பேருக்கும் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. இரண்டு பேருக்கும் ஹாஸ்டலோடு சேர்த்து ஆளுக்கொரு ஹைஸ்கூலும் இருந்தது. தோலில் சம்பாதித்தவர்கள் அந்த நாளில் முதலில் கோயிலுக்கோ மசூதிக்கோ செய்வார்கள். அதற்குப் பிறகும் நாற்றம் போகவில்லை என்று தோன்றினால் பள்ளிக்கூடம் கட்டுவார்கள். செட்டியார் ஒரு தோலைக்கூடத் தம் கையால் தொட்டவர் இல்லை. குடை நுனியால் புரட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். தொட்டால் வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டும். சந்தைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் முழுகுவது?

மாசி மாதத்தில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பந்தயம் நடக்கும். ஒரு மைல் ஓட்டத்துக்கு வெள்ளிக் கோப்பை. அது வருஷா வருஷம் சாயபு பள்ளிக்கூடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. கோப்பை வருவதற்கு முன்பே செட்டியார் அதற்கு ஒரு கண்ணாடி அலமாரி செய்து ஹெட்மாஸ்டர் அறையில் வைத்துவிட்டார். அலமாரி காலியாகவே நின்றது. அதன் தூசியில் எவனோ 'வாடகைக்கு விடப்படும்' என்று விரலால் எழுதிவிட்டான். அன்று ராத்திரி ஹாஸ்டல் முழுவதற்கும் சாப்பாடு கிடையாது.

அந்த வருஷம் ஆவாரம்பட்டை கிடைக்காமல் ஷாப்புக்காரர்கள் எல்லாரும் தவித்தார்கள். பட்டை இல்லாவிட்டால் தோல் குழியிலேயே அழுகும். திமிரிப் பக்கத்துப் பட்டை முழுவதும் செட்டியார் கையில் இருந்தது. சாயபுவின் பள்ளிக்கூடத்தில் ஆரோக்கியசாமி இருந்தான். அவனுக்கு அடுத்தபடியாக இன்னொரு பையனும் அங்கே தயாராகிக்கொண்டிருந்தான். சாயபுவிடம் தயாராக இல்லாதது பட்டைதான். இவ்வளவு போதாதா பேரத்துக்கு?

நடுவில் நின்ற தரகர் என் தகப்பனார், சத்தார். துண்டும் அவருடையது. எங்கள் பக்கத்தில் தோலுக்கு வாயால் விலை பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை நீட்டுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. எந்தச் சரக்கு என்பதை வைத்து அது பத்தா நூறா என்று இரண்டு பேருக்கும் தெரியும். முகம் மட்டும் வேறெங்கோ பார்க்க வேண்டும். வாய் மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்க வேண்டும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. உள்ளே ஒத்துக்கொண்டதை வெளியே சொல்லவும் கூடாது, மறுக்கவும் கூடாது. இந்த ஜில்லாவில் கோர்ட்டில் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னவன் உண்டு, துண்டுக்குள் சொன்னதை இல்லை என்றவன் கிடையாது என்று என் தகப்பனார் பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தப் பெருமையில்தான்.

துண்டு எடுபட்டது. செட்டியார் எங்கள் டிரில் மாஸ்டர் கோவிந்தசாமி நாயுடுவைப் பார்த்து, பையனை வண்டியில் ஏற்றச் சொன்னார். முன்னால் வேண்டாம், பின்னால், தோல் கட்டுக்குப் பக்கத்தில்.

நானும் அந்த வண்டியில்தான் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். கறுத்து மெலிந்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் யாரோ தனியாகச் செய்து மாட்டியதுபோல் கால்களோடு, அவன் கட்டின் மேல் சாய்ந்திருந்தான். கொஞ்ச தூரம் போனதும் என்னைக் கேட்டான்:

"எத்தினி விரலு?"

"எனக்கெப்படித் தெரியும்? உள்ள இருக்கிறது அவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

அவன் யோசித்தான். "என்னைக் கேட்டிருந்தா நானும் ஒரு கையை உள்ள விட்டிருப்பேன்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஆரோக்கியசாமியின் தகப்பன் கோலார் தங்கவயலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. தாய் சவுரியம்மாள் மகனோடு தானும் செட்டியார் பக்கம் மாறி, ஷாப்பில் பட்டை இடிக்கிற வேலைக்கு வந்தாள். தம்பி சின்னப்பன் பத்து வயசுகூட ஆகாதவன். தோலிலிருந்து வழித்த மயிரை வாரி வெயிலில் உலர்த்துகிற வேலை. ஆரோக்கியசாமிக்குச் செட்டியார் போட்ட ஷரத்தை ஹெட்மாஸ்டரே எல்லார் முன்னாலும் சொன்னார். ஓடுகிற வரைக்கும் படிப்பும் சாப்பாடும் இனாம். ஓடாத அன்றைக்கு வீடு.

ஹாஸ்டலில் விடியற்காலை தண்டவாளத் துண்டில் மணி அடிக்கும். பாலாற்று மணலில் ஓட்டம், திரும்பி வந்து தண்டால், அப்புறம் ராகிக் கூழ். எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில். ஆரோக்கியசாமிக்குப் பின்பக்கம் விறகு அடுக்கியிருக்கும் தாழ்வாரத்தில், தனித் தட்டில். தட்டை அவனே கழுவி அவனே கவிழ்க்க வேண்டும். வகுப்பில் கடைசி பெஞ்சு. ஆனால் மைதானத்தில் மட்டும் அவன் முன்னால் இருப்பான், நாங்கள் எல்லாரும் பின்னால். இதற்கு மட்டும் எவனும் தீட்டுப் பார்க்கவில்லை.

நாயுடு மெசபடோமியாவில் துருக்கியனைத் துரத்தியவர் என்று பேர். துரத்தியது யார், ஓடியது யார் என்று நாங்கள் கேட்டதில்லை. ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஊதல்தான். மற்றபடி அவர் நல்ல மனுஷர். பயந்தவர் என்பதைத் தவிர அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை; அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு சிக்கல் வந்தது. கோட்டை மைதானத்தில் புதிதாகச் சரளை கொட்டியிருக்கிறார்கள் என்று சேதி. வெறுங்காலில் ஓடினால் பாதம் கிழியும். கான்வாஸ் ஷூ வரவழைத்து மாட்டினார்கள். ஆரோக்கியசாமி நாலு எட்டு ஓடிக் குப்புற விழுந்தான். பிறந்ததிலிருந்து செருப்பே போடாத கால், ஷூவைக் கண்டு மாடு மிரள்வதுபோல் மிரண்டது. வெள்ளிக்கிழமை ஜட்காவில் வந்து இறங்கிய செட்டியார் இதையெல்லாம் குடை நிழலில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, தோல்காரர் அல்லாமல் வேறு எவருக்கும் தோன்றாத ஒரு யோசனையைச் சொன்னார்.

"செத்த தோலையே நூறு வருஷம் நிக்க வைக்குது ஆவாரம்பட்டைத் தண்ணி. உசுரோட இருக்கிற தோலுக்கு இன்னா கொறைச்சல்? ஷாப்புக்கு அனுப்பு நாயுடு. தினம் சாயங்காலம் குழியில காலை விட்டுட்டு உக்காரட்டும்."

கேட்டவர்கள் எல்லாரும் தோல் ஊர்க்காரர்கள். ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. நாயுடு தலையை ஆட்டினார், ஹெட்மாஸ்டர் இது விஞ்ஞானம் என்றார். ஓட்டக்காரர்கள் ஆறு பேரும் அன்று சாயங்காலமே பட்டைக் குழியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, கணுக்கால் வரைக்கும் மஞ்சள் தண்ணீரில் தொங்கவிட்டோம். அருகில் சவுரியம்மாளும் மற்ற பெண்களும் உலக்கையால் பட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஷாப்பு வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று அவர்கள் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

ஒரு வாரத்தில் கால் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, தோல் விறைத்தது. விறைத்த தோல் வெடித்தது. நாங்கள் ஒவ்வொருவராக வயிற்றுவலி, தலைவலி என்று கழன்றுகொண்டோம். ஆரோக்கியசாமியால் கழல முடியவில்லை. அவனுக்கு உண்மையிலேயே பாதம் கெட்டிப்பட்டது. சரளையைக் கொட்டி அதன் மேல் ஓடிக் காட்டினான். நெருஞ்சி முள் ஒடிந்து விழுந்தது. குதிகாலைச் சுற்றி வெடிப்பு மட்டும் ஆறவில்லை. செட்டியார் தூரத்தில் நின்று குடையை நீட்டி, "பாத்தியா" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு கலவைப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகள் திடீர் திடீரென்று விழுந்து செத்துக்கொண்டிருந்தன. காலையில் புல் மேய்ந்த மாடு சாயங்காலம் வயிறு உப்பிக் கிடக்கும். அடைப்பான் என்று அந்த நோய்க்குப் பேர். அப்படி விழுந்த மாட்டின் தோலை விவரம் தெரிந்தவன் தொடமாட்டான். உரித்தவன் கையிலேயே அது ஏறிவிடும் என்பார்கள். அதனாலேயே அந்தத் தோல் மலிவு. தை மாதம் நாலு வண்டித் தோல் கலவையிலிருந்து செட்டியார் ஷாப்புக்கு வந்து இறங்கியது. எங்கள் தகப்பனார் அந்தப் பேரத்துக்குத் தம் துண்டைக் கொடுக்கவில்லை; வேறு தரகர் முடித்துக் கொடுத்தார். தோல் ஊறியது, சுண்ணாம்பில் கிடந்தது, பட்டைக் குழிக்கு வந்தது. ஆரோக்கியசாமியும் தினம் சாயங்காலம் அந்தக் குழிக்கு வந்துகொண்டிருந்தான்.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் அவனுடைய வலது குதிகாலுக்கு மேலே, வெடிப்பின் ஓரத்தில், மூட்டைப்பூச்சி கடித்ததுபோல் ஒரு தடிப்பு வந்தது. அரித்தது, சொறிந்தான். மறுநாள் கொப்புளம் ஆனது. வலி இல்லை என்றான். வலி இல்லாததால் நாங்களும் அதை மறந்தோம்.

பந்தயத்துக்கு முந்தின நாள் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூருக்கு ஜட்காவில் போனோம். செட்டியாருடைய தோல் மண்டியின் மாடியில் தங்கல். ஆரோக்கியசாமி மைல் ஓட்டம், நான் கால் மைல் ஓட்டத்தில் இடம் நிரப்புகிறவன். காலையில் எழுந்து பார்த்தபோது அவனுடைய கணுக்கால் வீங்கி முழங்காலுக்குச் சமமாக இருந்தது. கொப்புளம் உடைந்து, நடுவில் அடுப்புக்கரியை வைத்து அழுத்தியதுபோல் ஒரு கறுப்பு. சுற்றி வளையமாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். நாயுடு பார்த்துவிட்டுக் கீழே ஓடிச் செட்டியாரை அழைத்து வந்தார்.

செட்டியார் குடை நுனியால் வேட்டி ஓரத்தை விலக்கிப் பார்த்தார். அவருக்கு ஒரு பார்வை போதும். தரம் பார்த்தே வளர்ந்தவர். குடையைப் பின்னால் இழுத்து அதன் நுனியைச் சாக்கில் துடைத்தார்.

"அடைப்பான்" என்றார். எங்களுக்குச் சொல்லவில்லை. வாய் தவறி வந்தது.

அறையில் இருந்தவர்கள் நாலு பேர்தான்: அவர், நாயுடு, ஆரோக்கியசாமி, நான். அந்த வார்த்தையை விளக்கவேண்டிய ஆள் அதில் ஒருவரும் இல்லை. ஆரோக்கியசாமியின் தெருவிலேயே தோல் உரிக்கிற இரண்டு பேர் அதில் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் ஒருவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுப் பிழைத்து, அந்தத் தழும்பைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

நாயுடுதான் முதலில் பேசினார். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, ஜட்காவில் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம், இப்போதே கொண்டுபோய்விடலாம் என்றார். செட்டியார் மணி என்ன என்று கேட்டார். ஒன்பது. ஓட்டம் எத்தனை மணிக்கு? நாலு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"மேகமா இருக்கு. வெயிலு கம்மியாத்தான் இருக்கும்" என்றார்.

நாயுடு ஊதலைக் கையில் எடுத்து, உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடியும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆரோக்கியசாமி எழுந்து நின்றான். அறைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தான்.

"வலி இல்ல எஜமான். ஓடலாம்."

"ஓடிட்டு நேரா ஆஸ்பத்திரிதான். நானே சீட்டு எழுதித் தர்றேன்."

"சரி எஜமான். ஆனா ஒண்ணு பேசணும்." அவன் என்னிடம் திரும்பினான். "தோஸ்த், உன் துண்டைக் குடு."

செட்டியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடா, நீ எப்ப மண்டி வெச்சே?"

"சரக்கு என்னுதுதானே எஜமான்."

சிரிப்பு நின்றது. ஆரோக்கியசாமி துண்டைத் தன் இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு விலையைச் சொன்னான். தம்பி சின்னப்பனை ஸ்கூலில் சேர்க்க வேண்டும், ஹாஸ்டலோடு. அவன் ஓட மாட்டான், படிக்க மட்டும் செய்வான். எத்தனை வருஷம் என்பதை உள்ளே பேசிக்கொள்ளலாம். பேசி முடிக்காவிட்டால் இப்போதே ஜட்கா.

அந்தப் பையன் ஒரு வருஷமாக எங்களோடு இருந்தான். செட்டியார் ஒரு தடவைகூட அவனை எட்டடிக்குள் விட்டதில்லை. இப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவனையல்ல, அந்தத் துண்டை. கீழே மண்டியில் யாரோ தோல் எண்ணிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. செட்டியார் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். வலது கையை நீட்டித் துண்டுக்குள் விட்டார்.

முறை தெரிந்தவன்போல் ஆரோக்கியசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். செட்டியார் ஜன்னலைப் பார்த்தார். ஒருவரும் மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேசவில்லை. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒரு தடவை செட்டியாரின் முழங்கை பின்னால் போயிற்று. கையை எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன், ஆனால் உள்ளே பிடி விடவில்லை. கடைசியில் அவர் தலை ஒரு தடவை கீழே இறங்கி ஏறியது. ஆரோக்கியசாமி துண்டை எடுத்து, மடித்து, என்னிடம் கொடுத்தான்.

செட்டியார் கீழே போன கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குடம் குடமாக ஊற்றினார்கள்.

அன்று பகல் முழுவதும் ஆரோக்கியசாமி படுத்தே இருந்தான். உடம்பு கொதித்தது. நாயுடு ஈரத்துணி போட்டார். நான் எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்கவில்லை. தரகன் பிள்ளை கேட்க மாட்டான். அவன் முகத்தைப் பார்த்தால் லாபத்துக்கு விற்றவன் முகம்போல்தான் இருந்தது.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைதானத்தை நாலு சுற்று சுற்ற வேண்டும். சாயபுவின் புதுப் பையன் ஆரம்பத்திலிருந்தே முன்னால். ஆரோக்கியசாமி மூன்றாவதாக, வலது காலைத் தூக்கி வைப்பதற்குப் பதிலாக வீசி வைத்துக்கொண்டு ஓடினான். பார்க்க அருவருப்பாக இருந்தது. கூட்டத்தில் சிலர் நொண்டி என்று கூவினார்கள். கடைசிச் சுற்றில் அவன் கண் எங்கேயும் நிலைக்கவில்லை. எதிரே இருந்த எதையும் அவன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சாயபுவின் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அதுதான் அவன் செய்த தப்பு. கயிற்றை முதலில் அறுத்தது ஆரோக்கியசாமியின் நெஞ்சு. அறுத்தவன் நிற்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோட்டை அகழி வரைக்கும் ஓடி, அதன் சுவரில் முட்டி உட்கார்ந்தான். அந்தப் பாதம் இரண்டிலும் சரளை கிழித்த கீறல் ஒன்றுகூட இல்லை. பட்டைத் தண்ணீர் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

கலெக்டர் வீட்டு அம்மாள் கோப்பையைக் கொடுத்தாள். செட்டியார் வாங்கிக்கொண்டார். அப்புறம் போட்டோ. ஆரோக்கியசாமியைப் பின்வரிசை ஓரத்தில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து நிறுத்தினார்கள். போட்டோக்காரன் துணிக்குள் தலையை விட்டு, அசையாதே அசையாதே என்று கத்தினான். ஆரோக்கியசாமியால் அசையாமல் நிற்க முடியவில்லை. படத்தில் அவன் இருக்கிற இடத்தில் ஒரு கலங்கல்தான் விழுந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது விளக்கு ஏற்றிவிட்டார்கள். டாக்டரம்மாள் புண்ணைப் பார்த்ததும் இதை எப்போது பார்த்தீர்கள் என்றாள். நாயுடு, இப்போதுதான் என்றார். காலையில் வந்திருந்தால் என்று அவள் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள். மருந்து மெட்ராஸிலிருந்து ரயிலில் வர வேண்டும், தந்தி கொடுக்கிறேன் என்று போனாள்.

மூன்றாம் நாள் என் தகப்பனார் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தொடை வரைக்கும் வீக்கம். கழுத்திலும் ஏறியிருந்தது. மருந்து வந்து ஊசியும் போட்டாகிவிட்டது என்றார்கள். சவுரியம்மாள் கட்டில் கால் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியசாமி என்னைப் பார்த்ததும் போர்வைக்குள்ளிருந்து கையை நகர்த்தினான். நான் என் கையைப் போர்வைக்குள் விட்டேன்.

அவன் என் கையை மொத்தமாகப் பிடித்தான். விட்டான். அப்புறம் என் சுண்டுவிரலை மட்டும் பிடித்தான்.

முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மழை வருமா தோஸ்த்?" என்றான்.

"வரும்" என்றேன்.

ஐந்தும் ஒன்றும் ஆறு. முதல் ஃபாரத்திலிருந்து ஆறாவது ஃபாரம் வரைக்கும், ஹைஸ்கூல் படிப்பு முழுவதும். ஒரு வருஷம்கூட விட்டுக்கொடுக்காமல் முழுசாக வாங்கியிருக்கிறான். செட்டியாரோடு கைகொடுத்து இப்படி ஒரு பேரத்தை முடித்தவர்கள் எங்கள் சந்தையில் இரண்டு பேர்கூட இல்லை. மறுநாள் காலையில் அவன் செத்துப்போனான்.

பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு விட்டார்கள். ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் பேசினார். கோப்பை அலமாரிக்குள் ஏறியது. பூட்டுக்குப் புதுச் சாவி செய்தார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சவுரியம்மாள் சின்னப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். செட்டியார் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து வெளியே வந்து, தூரத்திலிருந்தே சொன்னார். செத்தவனுக்குக் கொடுத்த வார்த்தையை அவர் மீற மாட்டாராம். மூன்று வருஷம். மூன்றாவது ஃபாரம் வரைக்கும் ஹாஸ்டலோடு இனாம். சவுரியம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? சுற்றி நின்றவர்கள் எல்லாரும் செட்டியாரின் நாணயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். மூன்றாவது ஃபாரம் என்பது எதற்கும் உதவாத படிப்பு. குமாஸ்தா வேலைக்குப் பத்தாது. குழியில் இறங்கக் கொஞ்சம் ஜாஸ்தி.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் என் தகப்பனாரிடம் சொன்னேன். போர்வைக்குள் பிடித்த பிடியை அவர் கையிலேயே பிடித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். சந்தை நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு செட்டியார் மண்டிக்குப் போனார். கொஞ்ச நேரம் பள்ளிகொண்டாத் தோலைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் என் தகப்பனார் சொன்னார்:

"அந்தப் பையன் சாகறதுக்கு முன்ன எம் மவன் கையைப் புடிச்சிருக்கான் செட்டியாரே."

"புடிச்சா?"

"ஆறு."

செட்டியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"துண்டுக்குள்ள ரெண்டு கை இருந்துது பாய். ஒண்ணு என்னுது. இன்னொண்ணைக் கூட்டிக்கினு வா, பேசலாம்."

சொல்லிவிட்டு, பள்ளிகொண்டாச் சரக்கை முடித்துக்கொள்ளலாமா என்று கையை நீட்டினார். என் தகப்பனார் தோளிலிருந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். தோய்க்கப் போட வேண்டும், அழுக்காக இருக்கிறது என்றார். செட்டியார் தம் மேல்துண்டையே எடுத்து விரித்தார். பேரம் நடந்தது. தரகும் வாங்கிக்கொண்டோம். வேறு வழி என்ன இருந்தது, எங்களுக்கும் உலை வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு என் தகப்பனார் சாகிற வரைக்கும் செட்டியார் பேரத்துக்கு எங்கள் துண்டு அழுக்காகவே இருந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"துண்டு அடுத்த சந்தைக்கும் வர்றவனுக்குத்தான்டா. அந்தப் புள்ளைக்கு அதை யாரும் சொல்லித் தரல."

சின்னப்பன் மூன்று வருஷம் படித்தான். பின்தாழ்வாரத்தில் அண்ணன் கவிழ்த்து வைத்த தட்டிலேயே சாப்பிட்டான். கணக்கில் எப்போதும் அவன்தான் முதல். நாயுடு அவனை ஒரு நாளும் மைதானத்துக்குக் கூப்பிடவில்லை. அவனைக் கண்டால் வேறு பக்கம் நடந்துவிடுவார். மூன்றாவது ஃபாரம் பரீட்சை முடிந்த அன்று, தண்டவாள மணி அடித்ததும், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறை வழியாகத்தான் வெளியே போனான். அலமாரிக்கு முன்னால் நின்றான் என்று பியூன் சொன்னான். கோப்பையைப் பார்த்தானா, கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்தானா என்று பியூனுக்குத் தெரியவில்லை.

நான் தரகுத் தொழிலுக்கு வந்த பிறகு, ஒரு கார்த்திகை மாதம், தோல் பார்க்கச் செட்டியார் ஷாப்புக்குப் போனேன். கலவையிலிருந்து நாலைந்து வண்டி வந்து நின்றது. சின்னப்பன் பட்டைக் குழி ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குதிகாலைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் இடது கால். இரண்டையும் பார்த்து முடித்த பிறகு, மெதுவாகக் குழிக்குள் இறங்கினான்.